பயமும் சாமி கும்பிடுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பயத்தையும் சாமியையும் சேர்த்து மக்கள் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். குலதெய்வம், நேர்த்திக்கடன், ஏழரைச் சனி, செய்வினை, மரண பயம் என்று பேச்சு பல திசையில் போகும். பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கிறது. பயம் வந்து சாமியைத் தேடிப் போவதில் ஒரு குறையும் இல்லை. கும்பிட்டு வந்தபின் அந்தப் பயம் குறைந்ததா, கூடியதா என்று கவனிக்க வேண்டும். கூடிக்கொண்டே போனால் நடுவில் ஏதோ கோளாறு புகுந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாப் பதிலையும் இந்த நினைப்போடுதான் எழுதியிருக்கிறேன்.

கஷ்டம் வந்தால்தான் கோயில் ஞாபகம் வருகிறது. பயத்தில் கும்பிடுவதும் பக்தியில் சேருமா?

சேரும். பிளஸ் டூ பரீட்சை நாட்களில் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனால், முக்குறுணி விநாயகர் முன்னால் ஹால் டிக்கெட்டோடு நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கலாம். மகளைப் பிரசவ வார்டில் விட்டுவிட்டு ஓடிவந்த அம்மாவும் அங்கே நிற்பார். அவர்களை யாரும் போலி பக்தர் என்று சொல்ல முடியாது. நடராசர் திருமேனியில் ஒரு வலது கை உள்ளங்கையைக் காட்டி நிற்கிறது. அஞ்சாதே என்று சொல்கிற கை அது. பயந்தவர்கள்தான் வருவார்கள் என்று தெரிந்தே அந்தக் கையை வைத்திருக்கிறார்கள்.

மகள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தபின் அந்த அம்மா ஒரு நாள் சும்மா வந்து பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டுப் போனால், பயம் விட்ட இடத்தில் பக்தி தொடர்கிறது. அவர் வரவில்லை என்றாலும் முதலில் அழுதது பொய்யாகிவிடாது.

வீட்டில் அடுத்தடுத்துக் கெட்டது நடக்கிறது. குலதெய்வத்துக்குச் செய்யாததால் வந்த சாமி குத்தம் என்கிறார்கள். உண்மையா?

மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தில் இந்தக் கேள்வி வராத குடும்பம் அபூர்வம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் குலதெய்வம் யார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் அது உங்கள் வம்சத்தில் வாழ்ந்து செத்த ஒரு முன்னோர், அல்லது ஊரையும் கண்மாயையும் காவல் காத்த ஒரு தெய்வம். வீட்டுக்குப் பெரியவர் மாதிரி. பேரப்பிள்ளை சென்னையில் வேலைக்குப் போய் மூன்று வருஷம் வர முடியாமல் போனதற்காக, அவன் குழந்தைக்குக் காய்ச்சலைக் கொடுக்கிற தாத்தா எங்கேயாவது உண்டா? வருத்தப்படுவார், எப்போது வருவான் என்று கேட்பார். அதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டார்.

தூரமாகப் போனவர்களுக்கு வழி செய்து வைத்ததும் இந்த மரபுதான். பஞ்சம் பிழைக்கப் போன காலத்தில் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய், குடியேறிய ஊரில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் பல கோயில்களுக்குப் பிடிமண் கோயில் என்றுதான் பெயர். மண்ணை எடுத்துக்கொண்டு போனவர்களின் மேல் சாமி கோபப்பட்டிருந்தால் அந்தக் கோயில்களே இருந்திருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. 'குலதெய்வத்துக்குச் செய்யவில்லை' என்று சொல்லும் வீடுகளில் பலவற்றில், செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் பங்காளிச் சண்டையாக இருக்கும். சாமிப் பெட்டி யார் வீட்டில் இருக்க வேண்டும், முதல் மரியாதை யாருக்கு, கோயில் நிலத்துக் குத்தகைப் பணம் எங்கே போனது என்று ஆரம்பித்து, இரண்டு தலைமுறையாகப் பூட்டிக் கிடக்கிற கோயில்கள் உண்டு. அந்த வீடுகளில் 'குத்தம்' என்று மனசு சொல்வது வெறும் பயம் அல்ல என்று நினைக்கிறேன். அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் இருக்கிற பாரம் உள்ளே அழுத்துகிறது. அது சாமி பெயரில் வெளியே வருகிறது. அதற்குப் பரிகாரம் கேட்டு வெளியூர் போக வேண்டியதில்லை. மாசி மகா சிவராத்திரிக்கு இரண்டு மாசம் முன்னால் பெரியப்பா வீட்டுக்குப் போய், 'இந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து போவோம்' என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தாலும் நீங்கள் கேட்டது கேட்டதுதான்.

அடுத்தடுத்து வந்த கஷ்டங்களைத் தனித்தனியாகவும் பாருங்கள். சர்க்கரை, வண்டி விபத்து, கடை நஷ்டம் மூன்றுக்கும் மூன்று காரணம் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டினால் எதையுமே சரி செய்ய முடியாமல் போகும்.

நேர்ந்துகொண்டதைச் செய்ய வசதி இல்லை. ஏதாவது ஆகிவிடுமோ?

ஆகாது. வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கிராமத்துப் பெரியவர்கள் யோசித்திருக்கிறார்கள். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்துக்கு முன் வைத்து, 'கையில் காசு வந்ததும் செய்கிறேன்' என்று சொல்லி வைப்பார்கள். தவணை கேட்பது வழக்கத்திலேயே உண்டு. கிடா வெட்டி ஊருக்கே சோறு போடுகிறேன் என்று கஷ்டத்தில் சொல்லிவிட்டு, பிறகு வட்டிக்கு வாங்கி அதைச் செய்வது சரியில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது வீட்டில் யாருக்கும் சாமி நினைப்பு ஓடாது. ஒரு மாவிளக்குப் போட்டுவிட்டு, நடந்ததை அப்படியே சாமியிடம் சொல்லுங்கள்.

இனிமேல் நேர்ந்துகொள்ளும்போது உங்கள் உடம்பால் முடிந்ததையும் உங்கள் சம்பாத்தியத்துக்குள் அடங்குவதையும் மட்டும் சொல்லுங்கள். பிள்ளை நடப்பான், பெண் அக்கினிச் சட்டி எடுப்பாள் என்று மற்றவர்கள் தலையில் வேண்டுதல் வைக்காதீர்கள்.

கருப்பு, முனி, காளி எல்லாம் ஏன் இவ்வளவு உக்கிரம்? பக்கத்தில் போகவே பயமாக இருக்கிறது.

அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சிலை கிடையாது. மூடிய பெரிய கதவுதான் சாமி. கதவுக்குச் சந்தனம் பூசி மாலை சாத்தியிருப்பார்கள். வாசலில் ஆள் உயரத்தையும் தாண்டிய அரிவாள்கள் இருக்கும். அழகரின் சக்தியைக் கவர்ந்து போக மலையாளத்திலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் வந்தார்கள், அவர்கள் அழிந்து அந்தப் படிகளுக்குள் அடங்கினார்கள், கூட வந்த கருப்பு காவலாக நின்றுவிட்டார் என்பது கதை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குப் புறப்படும் முன் அவருடைய நகைக் கணக்கைக் கருப்பு முன்னால் வாசிப்பார்கள். திரும்பி வந்ததும் மறுபடி கணக்குப் பார்ப்பார்கள். இந்தப் பக்கத்தில் பத்திரத்தை விடவும் அந்தக் கதவு முன்னால் சொன்ன சத்தியத்தை நம்பித் தீர்ந்த வழக்குகள் ஏராளம்.

இதில் பயப்பட வேண்டியவர் யார் என்று பாருங்கள். நகையில் கை வைக்க நினைப்பவர், பொய்ச் சத்தியம் செய்ய வந்தவர். காவல்காரர் கையில் அரிவாள் இருப்பது வீட்டுக்காரரைப் பயமுறுத்துவதற்கா? போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் ஏழைக்கு எட்டாத காலத்தில், பலமுள்ளவனைக் கட்டிப் போட்டது இந்தத் தெய்வங்களின் மேல் இருந்த பயம். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அது ஏழையின் பக்கம் நின்ற பயம்.

பாண்டி கோயிலுக்குப் போனால் இன்னொரு விஷயம் தெரியும். பாண்டி முனி உட்கார்ந்து தவம் செய்கிற கோலத்தில் இருக்கிறார். அவருக்குப் படையல் சைவம். கிடா வெட்டெல்லாம் பக்கத்தில் இருக்கிற சமயக் கருப்புக்கு. சிறு வயதிலிருந்து முனி என்று சொல்லிப் பயமுறுத்தப்பட்டவர்கள் அந்த உருவத்தை ஒரு தடவை நின்று பார்த்தால் போதும்.

மீனாட்சி கோயிலில் சுவாமி சந்நிதிக்கு முன் இருக்கிற காளிக்கு வெண்ணெய் உருண்டை எறிகிற வழக்கம் வெகு காலம் இருந்தது. கோபத்தில் நிற்கிறவளைக் குளிர வைக்க வெண்ணெய். தூண் கறுத்துப் போகிறது என்பதால் இப்போது எறிய விடுவதில்லை. ஆனால் உக்கிரமான அம்மனுக்கு முன்னால் மக்கள் ஓடி ஒளியவில்லை, அவளைச் சமாதானம் செய்தார்கள் என்பதை அந்த வழக்கம் காட்டுகிறது. கோபக்கார அம்மாவிடம் பிள்ளைகளுக்கு இருக்கிற உரிமை அது.

என் பெயரைச் சொல்லி ஒருவர் மடப்புரத்தில் காசு வெட்டிப் போட்டுவிட்டார். எனக்கு என்ன ஆகும்?

திருப்புவனம் பக்கத்தில் மடப்புரம் பத்ரகாளி கோயிலில் காசு வெட்டிப் போடுவது, அநியாயத்துக்கு ஆளானவர் அம்மனிடம் கொடுக்கிற புகார். புகார் கொடுத்ததாலேயே தீர்ப்பு வந்துவிடாது. நீங்கள் தப்புச் செய்யவில்லை என்றால் அதே அம்மன் உங்களுக்கும் அம்மன்தான். நீங்களும் போய் உங்கள் பக்கத்தைச் சொல்லிவிட்டு வரலாம். பதிலுக்கு நீங்கள் காசு வெட்டாதீர்கள்.

தப்புச் செய்திருந்தால்? பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், நிலத்தை விட்டுக் கொடுங்கள், செய்ததைச் சபையில் ஒத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது வருகிற பயம் உங்களை அங்கேதான் தள்ளுகிறது. மாந்திரீகரிடம் போய் 'அந்த வாக்கைக் கட்டி விடுங்கள்' என்று பணம் கொடுத்தால், முதல் தப்போடு இரண்டாவது தப்பும் சேரும்.

ஏழரைச் சனி ஆரம்பித்துவிட்டது. எதைத் தொட்டாலும் பயமாக இருக்கிறதே?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். சனி சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 29½ வருஷம் ஆகும். 12 ராசிக்குப் பிரித்தால் ராசிக்கு ஏறத்தாழ 2½ வருஷம். உங்கள் ராசிக்கு முந்தினது, உங்களுடையது, அடுத்தது ஆகிய மூன்றையும் கடக்க 7½ வருஷம். அதாவது எந்த நேரத்தில் பார்த்தாலும் 12 ராசியில் 3 ராசிக்காரர்களுக்கு ஏழரை நடந்துகொண்டே இருக்கும். உங்கள் தெருவில் கல்யாணம் பேசி முடித்தவர், வீடு கட்டிக் குடி போனவர், வேலைக்கு ஆர்டர் வாங்கியவர் ஆகியோரிலும் ஏழரைக்காரர்கள் இருக்கிறார்கள். எண்பது வயது வாழ்கிறவர் இதை இரண்டு மூன்று முறை கடந்திருப்பார்.

மதுரைக்கே உரிய கதை ஒன்றும் இதில் உண்டு. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார் அழைத்தபோது திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டில் இருந்தார். மதுரைக்குக் கிளம்ப வேண்டும். கூட இருந்த அப்பர் தடுத்தார். சமணர்களிடம் தாம் பட்ட பாடு அவருக்குத் தெரியும். நாளும் கோளும் சரியில்லை என்றார். அப்பர் கோழை கிடையாது. பிள்ளை மேல் இருந்த அன்பால் வந்த பயம் அது. அதற்குப் பதிலாகச் சம்பந்தர் பாடியதுதான் கோளறு பதிகம். இறைவன் என் உள்ளத்தில் புகுந்துவிட்டதால் ஞாயிறு, திங்கள் முதலான கோள்கள் எல்லாம் அடியாருக்கு நல்லவை என்கிறது. கிரகங்கள் இல்லை என்று அவர் வாதாடவில்லை. அவற்றோடு சண்டைக்கும் போகவில்லை. பாடிவிட்டு மதுரைக்குக் கிளம்பினார்.

அந்தப் பதிகத்தையே இப்போது சிலர் பயந்து பயந்து, ஒரு நாள் விட்டால் கெட்டது நடக்குமோ என்று பாராயணம் செய்கிறார்கள். பாடினால் அது எந்த மனசிலிருந்து பிறந்ததோ அந்த மனசோடு பாடுங்கள். குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிறீர்களா, தாராளமாகப் போய் வாருங்கள். வந்தபின், தள்ளிப் போட்ட வேலையை ஆரம்பியுங்கள்.

குறி கேட்கப் போன இடத்தில் செய்வினை என்றார்கள். எடுக்கப் பெரிய தொகை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்.

கோடாங்கியிடம் குறி கேட்பது இந்த மண்ணில் பழைய வழக்கம். உடுக்கை அடித்து, குடும்பத்தின் கதையைச் சொல்ல வைத்து, அழ வைத்து, விபூதி போட்டு அனுப்புகிற நல்லவர்கள் உண்டு. வெற்றிலை பாக்கில் வைத்த தட்சிணையோடு முடியும். அவர்களைப் பற்றி எனக்குக் குறை இல்லை. மற்ற ரகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? போன கையோடு உங்கள் பயத்தைப் பெரிதாக்குவார்கள். 'இன்னும் 48 நாளில் ஒரு உயிர்ப் பலி' என்பது மாதிரிக் கெடு வைப்பார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்பார்கள். ஒரு பரிகாரம் முடிந்ததும் அடுத்ததைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் விட மோசம், சொந்தத்தில் ஒருவரைக் கை காட்டுவது: 'உன் மூத்தார் பொஞ்சாதிதான் செய்தாள்.' அந்த ஒரு வார்த்தையில் ஒரு குடும்பம் இரண்டாகும். வாழ்நாள் முழுக்க ஒருத்தி, செய்யாத ஒன்றுக்காகச் சூனியக்காரி என்ற பெயரோடு வாழ்வாள்.

ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், வீட்டில் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். பெரிய தொகை என்றால் போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாம். வெட்கப்பட வேண்டியவர் வாங்கியவர்.

சாமி கும்பிடும்போதே சாமியைப் பற்றிக் கெட்ட எண்ணம் வருகிறது. நான் பாவியா?

இதை வெளியே சொல்ல முடியாமல் வருஷக் கணக்கில் தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கருவறையில் நிற்கும்போது அம்மனைப் பற்றி ஆபாசமான எண்ணம், சாமியைத் திட்டுகிற வார்த்தை, விளக்கைத் தட்டிவிடுவோமோ என்ற நினைப்பு. உடனே நெஞ்சு பதறும். கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், நூற்றெட்டு முறை மன்னிப்புக் கேட்பார்கள், குளித்துவிட்டு மறுபடி குளிப்பார்கள். பூஜை பத்து நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரமாகும். கடைசியில் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடுவார்கள்.

நீங்கள் பாவி இல்லை. இது எண்ணச் சுழற்சி நோய் என்று டாக்டர்கள் சொல்கிற ஒரு நோயின் அடையாளமாக இருக்கலாம். சுருக்கமாக ஓசிடி. கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பது எல்லாம் இதே நோயின் வேறு முகங்கள். இந்த நோய் ஒருவர் எதை மிகவும் மதிக்கிறாரோ அதையே பிடித்துக்கொள்ளும். பச்சைக் குழந்தை மேல் உயிரையே வைத்திருக்கிற தாய்க்குக் குழந்தையைக் காயப்படுத்திவிடுவோமோ என்று எண்ணம் வரும். சாமி மேல் உயிரை வைத்தவருக்குச் சாமியைப் பற்றி வரும். எண்ணம் வந்ததும் நீங்கள் பதறுகிறீர்களே, அந்தப் பதற்றத்திலேயே தெரிகிறது அது உங்கள் விருப்பம் இல்லை என்று.

மன்னிப்பையும் சடங்கையும் கூட்டினால் எண்ணம் குறையாது, வளரும். அந்த நேரத்துக்கு நிம்மதி தருவதால் மூளை அதையே திரும்பக் கேட்கும். இதற்கு மருந்து உண்டு. எண்ணம் வந்தாலும் பதில் சடங்கு செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குகிற சிகிச்சையும் உண்டு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. மருந்து சாப்பிட்டால் பக்தி குறைந்துவிடாது. சிகிச்சைக்குப் பின் நிம்மதியாக ஐந்து நிமிஷம் கும்பிட முடிகிறதென்றால் அதுதான் நீங்கள் இத்தனை நாள் கேட்ட வரம்.

வீட்டில் ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது. கோயிலுக்குக் கூட்டிப் போவதா, டாக்டரிடமா?

முதலில் டாக்டர். வலிப்பு, தைராய்டு, பிரசவத்துக்குப் பின் வருகிற மனக் குழப்பம், மனச்சிதைவு எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் பேய் பிடித்தது போலத் தெரியும். டாக்டரைப் பார்த்தபின் சாமியிடமும் கூட்டிப் போங்கள், விபூதி பூசுங்கள், தர்காவில் ஓதி ஊதச் சொல்லுங்கள். நோயாளிக்கு அது ஆறுதலாக இருந்தால் நல்லதே.

கட்டிப் போடுவது, அடிப்பது, மிளகாய்ப் புகை காட்டுவது, பட்டினி போடுவது, இவற்றுக்கு மட்டும் எந்தச் சாமி பெயரிலும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்து போன அப்பா அம்மாக்கள், அண்ணன்கள். பயத்தில் எடுத்த முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் பக்கத்திலேயே நடந்த கொடுமை இது. ஏர்வாடியில் இப்போது பிரார்த்தனையோடு மருத்துவமும் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. அந்தச் சேர்மானம்தான் சரி.

சாகப் பயமாக இருக்கிறது. எந்த நோயும் இல்லாமலே திடீரென்று வருகிறது.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வியர்வையோடு வந்தால் 108-க்குப் போன் செய்து இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின்னும் வந்தால், அது பீதித் தாக்குதலாக இருக்கலாம். பொதுவாகப் பத்து நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவதை நீளமாக்கி விடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி விஷயத்தின் மறுபக்கம். 1896 ஜூலையில், மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீட்டு மாடியில், 16 வயதுப் பையன் ஒருவனுக்கு இதே பயம் வந்தது. பெயர் வேங்கடராமன், திருச்சுழிக்காரன், அப்பா இறந்துபோக, சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் இல்லை, நோய் இல்லை. சாகப் போகிறோம் என்ற பயம் மட்டும் ஆளை உலுக்கியது. அவன் டாக்டரையோ பெரியவர்களையோ கூப்பிடவில்லை. படுத்தான். பிணம் போலக் கை கால்களை நீட்டினான். உதட்டை மூடி, மூச்சை அடக்கி, 'சரி, சாவு வந்துவிட்டது. எது சாகிறது? இந்த உடம்பு சாகிறது. அதனால் நான் செத்துவிட்டேனா?' என்று உள்ளே பார்த்தான். எழுந்தபோது பயம் போயிருந்தது; வாழ்நாளில் திரும்ப வரவில்லை. அவர்தான் ரமண மகரிஷி. அதன் பிறகு சாயங்காலங்களில் தனியாக மீனாட்சி கோயிலுக்குப் போய் அறுபத்துமூவர் முன் நின்று கண்ணீர் விட்டிருக்கிறார். ஆகஸ்ட் 29-ல், அண்ணனின் பீஸ் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயையும் ஒரு சீட்டையும் வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். அந்த வீடு இப்போது ரமண மந்திரம். யாரும் போய் உட்காரலாம்.

அவரைப் போலச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. மூச்சை அடக்கிப் பார்ப்பது விபரீதம். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: பயம் வந்தபோது, நாம் டிவி போட்டுக்கொள்வதைப் போல அவர் எதிலாவது மனசைத் திருப்பி ஒளியவில்லை, பரிகாரமும் தேடவில்லை. 'யாருக்குப் பயம்?' என்று அதையே கேட்டார். பகல் வெளிச்சத்தில், மனசு தெளிவாக இருக்கும்போது நாமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்கலாம். பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற கவலையா? வலிக்குமே என்பதா? செய்யாமல் விட்ட ஒன்றா? மரண பயம் என்று நாம் சொல்வதில் பாதி, பெயர் சொல்லிப் பேசக்கூடிய கவலைகளாக இருக்கும். உயில் எழுதுவது, சண்டை போட்ட தம்பிக்குப் போன் செய்வது என்று செய்வதற்கு வேலையும் இருக்கும். மீதிப் பாதிக்குத்தான் ரமணரின் கேள்வி.

சாமி நம்பிக்கை போய்விட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதை விடப் பயமாக இருக்கிறது.

ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகும் ஏற்றத் தோன்றினால் ஏற்றுங்கள். அது அம்மாவின் ஞாபகமாகக் கூட இருக்கலாம், அதுவும் நல்ல காரணம்தான்.

மற்ற மதங்களில் இந்தப் பயம் எப்படி?

எங்கள் தெருக்களில் மூன்று மதத்தாரும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதால் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். கிறிஸ்தவர்கள் கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம் என்பார்கள். அதே வேதாகமத்தில், பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று யோவானின் நிருபமும் சொல்கிறது. ஆரம்பம் ஒன்று, முடிவு ஒன்று. முஸ்லிம்கள் இறையச்சத்தைப் பெரிய குணமாகச் சொல்கிறார்கள். ஆளில்லாத இடத்திலும் தராசில் குறை வைக்காத கடைக்காரரிடம் அது தெரியும். ஆனால் குர்ஆனின் 114 அத்தியாயங்களில் ஒன்றைத் தவிர எல்லாமே அருளாளன், அன்புடையோன் என்ற பெயரோடு தொடங்குகின்றன.

'சாமி கண்ணைக் குத்தும்' என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?

வேண்டாம். அந்த நேரத்துக்குச் சேட்டை நிற்கும். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து உண்மையான கஷ்டத்தில் நிற்கும்போது, கண்ணைக் குத்துகிற சாமியிடம் போய் அழத் தோன்றாது. அழகரைப் பார்க்க ராத்திரி முழுக்கத் தோளில் தூக்கிக்கொண்டு வைகைக்குப் போங்கள். தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைக் காட்டுங்கள், சர்க்கரைச் செம்பை அவர்கள் கையில் கொடுத்துத் தீபம் காட்டச் சொல்லுங்கள். சாமி என்றால் மனசு நிறைகிற ஒன்று என்று முதலில் பதியட்டும். திருடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது என்பதற்கு எது காரணமோ அதையே சொல்லுங்கள்: எடுத்தால் அந்த அக்கா அழும் இல்லையா?

பயமே இல்லாமல் ஆகிவிட முடியுமா?

மதுரைக்குப் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் பயத்தைப் பற்றியே பத்துப் பாட்டுப் பாடியிருக்கிறார். அச்சப்பத்து என்று பெயர். பாண்டியனுக்கு அமைச்சராக இருந்து, குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலில் செலவழித்துவிட்டு, சுடுமணலில் நிறுத்தப்பட்டதாகப் புராணம் சொல்கிற மனிதர். பயம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அந்தப் பாட்டுகளில் புற்றில் இருக்கிற பாம்புக்கு அஞ்சேன், வினைக் கடல் விழுங்கினாலும் அஞ்சேன் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ஆனால் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஒன்றுக்கு அஞ்சுகிறேன் என்கிறார்: இறைவனிடம் அன்பில்லாதவரைக் கண்டால் அஞ்சுகிறேன்.

பயத்தை ஒழித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்கு மட்டும் வைத்துக்கொண்டார். நமக்கும் அது முடியும் என்று நம்புகிறேன். பல்லி விழுந்ததற்கும் பூனை குறுக்கே போனதற்கும் பயப்பட்டுச் செலவான மனசை, மாமியாரிடம் கடுமையாகப் பேசிவிட்டோமே என்பதற்குப் பயப்பட விட்டால் வீடு மாறும்.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது. நரகத்துக்குப் போவேனோ என்று ராத்திரியில் அழுகிறார். என்ன சொல்லித் தேற்றுவது?

'நீ ஒரு பாவமும் செய்யவில்லை அம்மா' என்று உடனே வாயை அடைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'எதை நினைத்து அழுகிறீர்கள்?' என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு குறிப்பான விஷயம் இருக்கும். நாத்தனாருக்குச் சேர வேண்டிய நகை, சாகக் கிடந்த மாமனாருக்குத் தண்ணீர் கொடுக்காமல் கோபித்துக்கொண்ட ஒரு நாள், கலைத்துவிட்ட ஒரு கர்ப்பம். ஐம்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததாக இருக்கும். தீர்ப்புச் சொல்லாமல் முழுக்கக் கேளுங்கள். திருப்பிக் கொடுக்கக்கூடியது என்றால் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, கொடுத்தாயிற்று என்று சொல்லுங்கள். ஆள் செத்துப் போயிருந்தால் அவர் பெயரில் ஆடி அமாவாசைக்கு நாலு பேருக்குச் சோறு போட்டு, அம்மாவின் கையாலேயே பரிமாறச் சொல்லுங்கள். ராத்திரி அழுகை, தூக்கமின்மை, சாப்பாடு குறைவது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் வயதானவர்களுக்கு வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள், குணமாகக்கூடியதுதான். அதுவரை அவர் அறையில் ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள்.